காக்க வைக்காதவள்

ஓட்டலில் உட்கார்ந்ததும் சர்வரிடம் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எது ரெடியா இருக்குதுபா?"

பொங்கல் என்றால் பொங்கல். ஆறிப்போன வடைதான் மிச்சம் என்றால் ஆறிப்போன வடை. ஒரு முறை நான் தெரியாத்தனமாக ரவா தோசை சொல்லிவிட்டேன். அது வருவதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் மேஜைக்குப் பின்னால் இடத்துக்காக ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு நிக்கறாங்கபா" என்றாள். கடைசியில் அந்தக் குடும்பத்தை எங்கள் நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டு, கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றபடி நாங்கள் இருவரும் ரவா தோசை தின்றோம்.

இத்தனைக்கும் அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள். எங்கே வரச் சொன்னாலும் நான் தாமதமாகத்தான் போவேன். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மூச்சு வாங்க ஓடிப்போய் நின்றால், "மாகறல் வண்டி இப்பதான் போச்சு. உள்ள ஆளே இல்ல, பாவம் கண்டக்டர்" என்று சேதி சொல்வாள். தன்னால் இன்னொருவர் காத்திருக்க நேர்ந்தால் மட்டும் அவளால் உட்கார முடியாது, நிற்க முடியாது. கோயிலில் செருப்பு விடுமிடத்தில் டோக்கனைக் கையில் தயாராக வைத்திருப்பாள். போன் முதல் முறை அடிக்கும்போதே எடுத்துவிடுவாள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் சமையல்காரர் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் போய் நின்றுவிடுவாள், அவள் வரவில்லையே என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று.

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்கலாம்தான். கேட்டால் யோசிக்காமல் சரி என்றுவிடுவாள், பதிலுக்காக நான் காத்திருக்கக் கூடாதே என்று. அப்படி வாங்குகிற சம்மதம் எனக்கு வேண்டாம்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருந்த சின்ன இன்ஜினியரிங் ஆபீசில். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சாலைக்கும் கால்வாய்க்கும் டிசைன் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். நான் டிசைன் இன்ஜினியர். அவள் கம்ப்யூட்டரில் வரைபடம் தயாரிப்பவள், என் வயதுக்காரி. சேகர் என்று இன்னொரு டிராஃப்ட்ஸ்மேன் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் மேலே, ஆபீசை நடத்திய சார். சின்ன காஞ்சிபுரத்து வைணவக் குடும்பம். நெற்றியில் திருமண் இல்லாமல் அவர் மாடிப்படி ஏறி நான் பார்த்ததில்லை.

மழை பெய்தால் பெரிய காஞ்சிபுரத்தில் சில தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதை வடியவைக்கக் கால்வாய் போட ஒரு திட்டம் வந்தது. டிசைன் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அதோடு, விமானத்திலிருந்து ஊரைப் படம் பிடித்து ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு அனுப்பினார்கள். சார் அந்த டிஸ்க்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் கம்ப்யூட்டரில் மாட்டினார்.

படம் திறந்தது. அதாவது, திறக்கத் தொடங்கியது. டிஃப் என்கிற வகை ஃபைல் அது. எதையும் சுருக்காமல், எடுத்த படத்தை எடுத்தபடியே வைத்திருக்கும். வயல் ஒரு கீற்று, ஏரி ஒரு கீற்று என்று மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டிசைன் சாஃப்ட்வேர் அதைத் தூக்க முடியாமல் முனகியது. எல்லாம் வந்த பிறகு, பக்கத்துத் தெருவைப் பார்க்கலாம் என்று மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், மறுபடி முதலிலிருந்து வரைய ஆரம்பிக்கும்.

சேகருக்கு அதில் பரம திருப்தி. "படம் தொறக்கறியாமா? அப்ப நான் ஒரு டீ சாப்ட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிவிடுவார். தெருவை மாற்றினால் இன்னொரு டீ. எதிர்க்கடை டீக்காரருக்கு எங்கள் திட்டத்தில் எந்தத் தெருவில் வேலை நடக்கிறது என்பது அத்துப்படியாகிவிட்டது.

அவளுக்கு அந்த நாட்கள் நரகம். அவள் படத்தைத் திறந்து கொடுத்தால்தான் நான் அதன்மேல் கால்வாய்க் கோட்டைப் போட முடியும். நான் போட்டால்தான் சார் பார்க்க முடியும். ஆக, இரண்டு பேரை அவள் காக்க வைக்கிறாள். அந்தக் கணக்கு அவள் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது. "நீ வேற வேலை பாரேன்பா. என்னயே பாத்துக்கினு இருக்காத" என்பாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை, வார இதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஜேபெக்கா மாத்திட்டாப் போச்சு" என்றார் சேகர். மாற்றினாள். டிஸ்க்கில் ஃபைல் சின்னதாகிவிட்டது. திறந்து பார்த்தால் அதே முனகல், அதே கீற்று. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்கு விளக்கினாள்.

"கீழ கடையில பாத்துக்கிறியா, பொடவைய அட்டப்பொட்டியில எவ்ளோ சின்னதா மடிச்சி வெக்கறாங்க? கட்டணும்னா பிரிச்சித்தானே ஆவணும்? பிரிச்சா அதே ஆறு கஜந்தான். ஜேபெக் அப்டித்தான். டிஸ்க்குலதான் சின்னது. மெஷின் பூராத்தயும் பிரிச்சிப் போட்டுக்கினுதான் பாக்குது."

அடுத்து படத்தைத் துண்டு துண்டாக வெட்டினாள், தெருவுக்கு ஒரு துண்டு. வேண்டிய துண்டை மட்டும் திறந்தால் போதும். ஒவ்வொரு துண்டோடும் தம்மாத்துண்டு எழுத்து ஃபைல் ஒன்று இருக்கும். இந்தத் துண்டு ஊரில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்வது அதுதான். ஒரு வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் தெருக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, ஊரிலிருந்து எங்கோ வெகு தொலைவில், எல்லா அளவும் சைபராக இருக்கும் புள்ளியில் கிடந்தன. கால்வாய்க் கோடு மட்டும் தன் இடத்தில் தனியாக நின்றது.

சேகர் தலையைச் சொறிந்தார். "குட்டி குட்டியா ஃபைலுங்க கெடந்துச்சிமா. குப்பைனு நெனச்சி நான்தான் அழிச்சேன்."

சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கோயில் எங்கே?"

"எல்லாம் சைபர்ல இருக்குது சார்" என்றாள் அவள். "மத்தியானத்துக்குள்ள இட்டாந்துர்றேன்." சேகரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் அந்த நேரமும் நாங்கள் காத்திருக்க வேண்டுமே.

அதன் பிறகுதான் எங்கெங்கோ விசாரித்து, சென்னையில் தன்னோடு படித்த ஒருத்தியிடம் கேட்டு, வான்படங்களுக்கென்றே இருக்கும் சுருக்க வகைகளைக் கண்டுபிடித்தாள். ஒன்றின் பெயர் மிஸ்டர் சிட். அந்தப் பெயரை அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட சார், "யாரும்மா அந்த மிஸ்டர்? ஆபீசுக்குப் புதுசா ஆள் எடுக்கிறோமா?" என்று கவலையோடு விசாரித்தார். இன்னொன்று ஈசிடபிள்யூ. இரண்டையும் போட்டுப் பார்த்ததில் எங்கள் சாஃப்ட்வேருக்கு இரண்டாவதுதான் ஒத்துப்போனது.

"இது முழுப் பொடவையயும் பிரிக்காது" என்றாள் என்னிடம், கண் பளபளக்க. "முந்தானி பாக்கணும்னா முந்தானிய மட்டும் இஸ்து காட்டும். தூரத்துலருந்து பாக்கறியா, தூரத்துக்கு எவ்ளோ தெரியணுமோ அவ்ளோதான் எடுக்கும்."

அன்றைக்கு அவள் சாரைக் கூப்பிட்டு ஃபைலைத் திறந்து காட்டினாள். சார் வழக்கம்போல, வருவதற்கு நேரமாகும் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து மாட்டுவதற்குள் ஊர் முழுக்கத் திரையில் இருந்தது. நகர்த்தினாள், நகர்ந்தது. பெரிதாக்கினாள், ஆனது. சார் கண்ணாடியை இன்னொரு முறை கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். சேகருக்கு வேறு துக்கம். இரண்டு நாள் கழித்து டீக்காரரே மாடி ஏறி வந்து, "இன்னா சார், யாருக்காவது ஒடம்பு சரியில்லயா? யாரயும் காணோம்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"டீ சாப்டணும்னா போய்ச் சாப்டுங்கண்ணா. அதுக்கு மெஷின் படுக்கணுமா?" என்றாள் அவள்.

"சும்மா போனா ருசிக்க மாட்டேங்குதுமா" என்றார் சேகர்.

இந்த வகை ஃபைலில் எவ்வளவு இறுக்கிச் சுருக்குவது என்பதை நாமே சொல்லலாம். அவள் முதலில் பயந்து பயந்து கொஞ்சமாகச் சுருக்கினாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சுருக்கினாள். பிறகு இன்னும் கொஞ்சம். ஃபைல் லேசாக ஆக ஆக அவள் முகம் மலர்ந்தது. சார் மட்டும் மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "மரமெல்லாம் பாசி மாதிரி இருக்கேம்மா. ஒரிஜினல்ல இலை தெரிஞ்சுதே" என்று ஆற்றாமைப்பட்டார்.

"நம்ம எலைக்கா சார் கால்வா போடறோம்?"

"இருந்தாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை வேகமாக நடக்கும்போது அவரால் அதற்கு மேல் வாதிட முடியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவாள். அப்படி என்ன அவசரம் என்று எனக்குப் புரிந்தது ஒரு தை மாதத்தில். திருப்பருத்திக்குன்றத்தில் அவள் வீடு. ஜைனக் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் அவளும்தான். ஒரு சனிக்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனாள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மேற்கே பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். மறுபடி மேற்கே பார்த்தாள்.

"இன்னாபா ஆச்சு?" என்றேன்.

"பொழுது சாஞ்சா அம்மா சாப்ட மாட்டாங்க. நான் வராம எல போட மாட்டாங்க. நான் லேட்டானா அவங்களுக்கு ராத்திரி பட்டினி."

வீட்டுக்குப் போனபோது வெயில் சுவரின் மேல் விளிம்பில் மட்டும் இருந்தது. வாசலில் நின்றிருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி இலையை விரித்தார். "கல்லூரியில படிக்கும்போது பஸ்ஸு கெடைக்காம ஒரு வாட்டி பொழுதோட வரல. நான் பட்டினியாவே நல்லாத்தான் தூங்கனேன். இவதான் மறுநாள் பூரா மொகத்தத் தூக்கி வெச்சிக்கினு இருந்தா" என்று சிரித்தபடியே எனக்குப் பருப்பு ஊற்றினார். அவள் எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அம்மாவின் இலையில் சோறு குறைகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசைன் முடிந்து, ஒவ்வொரு தெருவிலும் அதன் வரைபடத்தை ஒட்டினார்கள். ஒரு நெசவாளர் தெருவுக்கு நாங்கள் போட்டிருந்தது நடுக்கால்வாய். தெரு குறுகல், இரண்டு ஓரமும் குடிநீர்க் குழாய். அதனால் தெருவின் நடுவில், நெடுக இரும்புக் கம்பி மூடியோடு கால்வாய். படத்தில் தெரு துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. யாருக்கும் எந்தச் சங்கடமும் தோன்றவில்லை.

ஒரு நாள் முற்பகலில் வளர்மதி என்று ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தார். அந்தத் தெருவில் தறி வைத்திருப்பவர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"நடுவுல கால்வா வந்தா நாங்க பாவு எங்க சார் நீட்டறது?"

பாவு என்பது சேலையின் நெடுக்கு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன் விடிகாலையில் தெரு நீளத்துக்கு அதை விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துவிடுவார்கள். தாங்குவதற்கு வழிநெடுக மூங்கில் கால்கள் நிற்கும்.

"கம்பி சந்துல காலு நிக்காது. எறங்கிப்பூடும்" என்றார் வளர்மதி.

சார் அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் திரையைக் காட்டினார். "படத்துல ஒண்ணும் இல்லையேம்மா. தெரு காலியாத்தானே இருக்கு?"

வளர்மதி படத்தைக் கூர்ந்து பார்த்தார். "இது எங்க தெருதான். காலைலயா எடுத்தாங்க?"

"நிழலெல்லாம் மேற்கால நீளமா விழுந்திருக்கு. காலைலதான்."

"காலையில எங்க தெரு காலியா இருந்து நான் பாத்ததில்ல சார்." அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆச்சரியத்தோடுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களோடு நடக்கும் கூட்டத்துக்குத் திட்ட அதிகாரி வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று சார் சொல்ல, எழுந்து போனார்.

அவள் திரையிலிருந்த காலித் தெருவை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சந்தனப் பொட்டு காய்ந்துபோயிருந்த அந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்து மாட்டி, ஒரிஜினலைத் திறந்தாள். சேகர் பழைய பாசத்தோடு எழுந்து டீக்குப் போனார். கீற்று கீற்றாக ஊர் இறங்கியது. அந்தத் தெரு வந்ததும் அவள் பெரிதாக்கினாள். மறுபடி காத்திருந்தோம்.

தெருவின் நடுவில் நிறம் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து தொடங்கித் தெருக்கோடி வரை ஒரு கருஞ்சிவப்புக் கோடு. அதற்கப்பால் ஒரு பச்சை. இன்னும் தள்ளி ஒரு மாம்பழ மஞ்சள். பக்கத்தில் புள்ளி புள்ளியாக மனிதர்கள். அவள் சுருக்கிய படத்தில் அந்த மெல்லிய நிறங்கள் எல்லாம் ரோட்டின் சாம்பலோடு கலந்து காணாமல் போயிருந்தன.

நேராக எழுந்து சாரிடம் போனாள். "சார், நான் ரொம்ப இறுக்கிட்டேன். பாவு பூரா அழிஞ்சி போச்சு."

சார் வந்து பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது பெருமிதம். "சொன்னேனோல்லியோ? ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்றார். என்னைப் பார்த்தும் ஒரு முறை சொன்னார். டீயோடு திரும்பி வந்த சேகரிடமும் சொன்னார். அன்று எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னார். அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, ஒரிஜினலிலிருந்து அந்தத் தெருவை மட்டும் சுருக்காமல் வெட்டி எடுத்து ஒரு சிடியில் எழுதினாள். கூட்டத்தில் சட்டென்று காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை நெசவாளர் சங்கத்து ஹாலில் கூட்டம். ஹார்டு டிஸ்க் மாட்டியபடியே ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி, மானிட்டரை அவள் மடியில் வைத்துக்கொண்டு போனோம். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்திருந்தோம். திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி. ஹால் நிறைய ஜனம். அதிகாரி வந்ததும் வராததுமாக, மதியம் வேறு ஊரில் வேலை இருக்கிறது என்றார்.

அவள் சிடியைப் போட்டாள். அது உர்ரென்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. வெளியே எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துப் போட்டாள். படிக்கவில்லை.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எது இருக்கோ அதக் காட்டுங்கம்மா. நேரம் ஆகுது."

எது இருக்கோ அது என்றால், ஒரு நொடியில் திறக்கும் அந்த லேசான படம்தான். அதைக் காட்டினால் தெரு காலி. நடுக்கால்வாய்க்கு அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிவிடுவார். ஹாலில் முன்வரிசையில் வளர்மதி உட்கார்ந்திருந்தார். அவள் கை மவுஸின் மேல் இருந்தது.

எழுந்து மைக்கை வாங்கினாள்.

"சார், பெரிய படம் ஒண்ணு இருக்குது. தொறக்க நேரமாவும். பத்து நிமிஷம் ஆவும், மேலயும் ஆவலாம். எல்லாரும் உக்காந்திருக்கணும்."

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நாங்கள் கேட்டதே இல்லை. அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் உட்கார்ந்து திறந்துவிட்டாள்.

வேட்டியில் முதலில் வயல் வந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். ஏரி வந்தது. பிறகு ஏதோ கட்டம், அதிலிருந்து நீளமாகக் கறுப்பாய் ஒன்று.

"அது இன்னாபா நீட்டமா?" என்றது ஒரு குரல்.

"ராஜகோபுரத்து நெழலுபா அது. அதோ பாரு கொளம்."

ஹாலில் நாற்காலிகள் நகர்ந்தன. ஊர் கீற்று கீற்றாக இறங்க, ஜனம் ஒவ்வொரு கீற்றையும் எதிர்பார்த்தது. அடுத்தது சன்னதித் தெருதான் வரும் என்றார் ஒருவர். இல்லை, முதலில் மண்டிக் கட்டிடம் என்றார் இன்னொருவர். மண்டி வந்ததும் சொன்னவர் பெருமையாகச் சுற்றிப் பார்த்தார். "செவப்பா தெரியுது பாரு, எங்கூட்டு மாடியில காயப்போட்ட போர்வ" என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டிக் காட்டினார். பிள்ளைகள் வேட்டியின் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதிகாரி தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அவர் ஊர் இதுவல்ல. ஆனாலும் அடுத்து என்ன வரும் என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அவள் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. மைக் ஒயரைப் பிடித்தபடி ஜனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பயந்துபோய், பிறகு மெல்ல மெல்லத் தோள் இறங்கி, கடைசியில் வாய் திறந்தபடி.

அந்தத் தெரு வந்ததும் மவுஸை எடுத்துப் பெரிதாக்கினாள். கருஞ்சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள்.

"அந்த மாம்பழக் கலரு எங்களுது" என்றார் வளர்மதி.

பச்சை யாருடையது என்பதில் இரண்டு வீட்டாருக்குள் சின்னத் தகராறு வந்தது. யாருக்கு எந்தக் கல்யாணத்துக்கு நெய்தது என்று வாதம் போனது. அதிகாரி எழுந்து வேட்டிக்குப் பக்கத்தில் போய் நிறங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் விரல் நிழல் தெரு நெடுக ஓடியது.

"நடுவுல வேணாம்" என்றார் திரும்பி. "ஓரத்துக்குக் கொண்டுபோக முடியுமா?"

"குழாயை ஒரு பக்கமாச் சேர்த்துட்டா முடியும் சார். மேல கம்பி இல்லாம, தரையோட தரையா கல்லு மூடி போட்டுடலாம்" என்றேன். சார் தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அதிகாரி கிளம்பிப் போன பிறகும் ஜனம் கலையவில்லை. செவிலிமேடு காட்டு, எங்க அக்கா வீடு காட்டு என்று வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொன்றுக்கும் படம் மறுபடி முதலிலிருந்து இறங்கியது. யாருக்கும் அவசரமில்லை.

அதற்குப் பிறகு ஆபீசில் சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். தினப்படி வேலைக்கு லேசான படம், அதுவும் அளவோடு சுருக்கியது. எந்தத் தெருவின் டிசைனையும் முடிக்கும் முன் ஒரு முறை ஒரிஜினலைத் திறந்து பார்த்தாக வேண்டும். சேகர் அந்த உத்தரவை முழுமனதோடு வரவேற்றார்.

மறு வருடம் கால்வாய் முடிந்தது. மழைக்கு முன் ஒரு காலையில், மூடிகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க நானும் அவளும் அந்தத் தெருவுக்குப் போனோம். தெரு நடுவில் வெங்காயத் தாள் பச்சையில் ஒரு பாவு நீண்டு கிடந்தது. கஞ்சி வாசனை. வளர்மதியின் கணவர் கோடியில் நின்று பாவின் முனையைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கிட்டே போன நேரம் பார்த்துக் கயிறு பட்டென்று அறுந்தது. அவர் பாய்ந்து முனைக்கோலைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அவள் நின்றாள்.

"மா, இதக் கொஞ்சம் புடி. உட்றாத. வேற கவுறு எடுத்தாறேன்."

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் வீட்டுக்குள் போனார். தெரு நீளத்துப் பட்டும் அவள் கையில் இருந்தது. கொஞ்சம் தளர்த்தினால் நடுவில் தொய்ந்தது. உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக் குதிகாலை ஊன்றிக்கொண்டாள். உள்ளே கயிறு கிடைக்கவில்லை போலிருக்கிறது. பெட்டியை இழுக்கும் சத்தமும், அவரும் வளர்மதியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் சத்தமும் வந்தன. நான் பிடிக்கிறேன் என்றேன். "கை மாத்தனா தொஞ்சிடும்பா" என்றாள்.

என் போன் அடித்தது. சார். பத்து மணிக்கு யாரோ ஆபீசுக்கு வருகிறார்கள், நீங்கள் கிளம்பியாயிற்றா என்று கேட்டார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"சார் காத்துக்கினு இருக்காராம். இன்னா சொல்லட்டும்?"

அவள் பாவின் நீளத்தைப் பார்த்தாள். வெயில் தெருவின் அந்தக் கோடியில் ஏறி, பச்சை நூலின் மேலேயே நடந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. இழைகளுக்கு நடுவே குனிந்து பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் இருவர் அவள் நிற்கும் நிலையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"காத்துக்கினு இருக்கட்டும்னு சொல்லு" என்றாள்.